பெயர் தெரிந்தால்தான் தடுக்க முடியும்: ஆட்டுப்பட்டியைச் சுற்றும் சிற்றீ

அந்தமான் நிக்கோபார் தீவுகளில் கால்நடைகள் இருக்கும் இடங்களில் இந்திய விலங்கியல் ஆய்வு மையத்தின் அறிவியலாளர்கள் புறஊதா விளக்குப் பொறிகளைத் தொங்கவிட்டு, இரவில் விழுந்த பூச்சிகளைச் சேகரித்தார்கள். அவற்றில் இரத்தம் குடிக்கும் மிகச் சிறிய ஈக்களை மட்டும் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தபோது 23 இனங்கள் தேறின. அதில் 13 இனங்கள் இந்தியாவில் அதற்குமுன் பதிவாகாதவை. 'பாரசைட்ஸ் அண்ட் வெக்டர்ஸ்' ஆய்விதழில் இந்த முடிவுகள் வெளியாயின.

கடலுக்கு நடுவே நடந்த இந்தக் கணக்கெடுப்புக்கும், காங்கயத்திலும் வெள்ளகோவிலிலும் மூலனூரிலும் செம்மறி வளர்ப்பவருக்கும் நேரான தொடர்பு உண்டு. அந்த ஈக்களின் குடும்பத்தைச் சேர்ந்தவைதான் நம் பட்டிகளில் நீலநாக்கு நோயைப் பரப்புகின்றன. திருப்பூர் வட்டாரத்தில் வீட்டில் ஒருவர் பனியன் கம்பெனிக்குப் போவார். இன்னொருவர் பத்து இருபது ஆடுகளும் இரண்டு மாடுகளும் பார்த்துக்கொள்வார். கம்பெனியில் ஆர்டர் குறைந்த மாதத்தில் சந்தைக்குப் போகும் நான்கு ஆடுகள்தான் பள்ளிக் கட்டணத்தையும் கடன் தவணையையும் தாங்குகின்றன. அந்த ஆடுகளுக்கு வரும் நோயைக் கொண்டுவரும் பூச்சி எது என்று தெரிந்துகொள்வது ஆராய்ச்சிக்கூடத்தின் ஆர்வம் மட்டுமல்ல, குடும்ப வருமானத்தைப் பற்றிய கேள்வியும் ஆகும்.

எந்தப் பூச்சி இது?

கொசுவைப் போலவே கடிக்கும், ஆனால் கொசு அல்ல. உடல் நீளம் 1 முதல் 3 மில்லிமீட்டர்தான். செரட்டோபோகோனிடே என்ற குடும்பத்தில் உலகெங்கும் 6,000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றில் குலிகாய்டீஸ் என்ற பேரினத்தில் மட்டும் 1,300-க்கும் மேல். மாட்டுக்காரர்கள் 'சின்னக் கொசு' என்று சொல்லிவிட்டுப் போகும் இந்தப் பூச்சியை இங்கே சிற்றீ என்று குறிப்போம்.

பெண் சிற்றீதான் கடிக்கும். முட்டை வளர அதற்கு இரத்தம் வேண்டும். கொசுவின் வாய் ஊசியாகக் குத்தி இரத்தக் குழாயைத் தேடும். சிற்றீயின் வாயில் பல் பல்லான சிறு தகடுகள் இருக்கின்றன. அவை தோலைக் கிழிக்கும், கிழிந்த இடத்தில் ஊறும் இரத்தத்தை உறிஞ்சும். அதனால்தான் இவ்வளவு சிறிய பூச்சி கடித்த இடம் அவ்வளவு எரிகிறது. பெரும்பாலான இனங்கள் அந்திக்கும் விடியலுக்கும் இடைப்பட்ட நேரத்தில் சுறுசுறுப்பாக இருக்கும். ஆடு பட்டிக்குத் திரும்பி அடையும் நேரமும் அதுவே.

முட்டையிடத் தேங்கிய தெளிந்த நீர் இதற்குத் தேவையில்லை. சாணம் கலந்த ஈரச் சேறு, குட்டையின் கரை, வயல் வரப்பின் ஓரம், கசியும் தண்ணீர்த் தொட்டியின் அடி ஆகியவை போதும். வீட்டைச் சுற்றித் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்துவைத்தால் டெங்குக் கொசு குறையும். சிற்றீ அதற்கெல்லாம் குறையாது. அது வளரும் இடம் கட்டுத்தரைக்கும் குப்பைக்குழிக்கும் நடுவில் இருக்கிறது.

நோய் எப்படிப் பரவுகிறது?

நீலநாக்கு நோயை உண்டாக்குவது ஆர்பிவைரஸ் வகையைச் சேர்ந்த ஒரு வைரஸ். ஒரே பெயரில் 24-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. ஒரு வகைக்கு எதிராக உடலில் உண்டாகும் தடுப்பாற்றல் மற்றொரு வகையை முழுமையாகத் தடுக்காது. தென்னாப்பிரிக்காவில், ஐரோப்பாவிலிருந்து கொண்டுவந்த மெரினோ ஆடுகளிடம்தான் இந்நோய் முதலில் கவனத்துக்கு வந்தது. சிற்றீயே இதைப் பரப்புகிறது என்பதை அங்கே டு டாய்ட் என்ற ஆய்வாளர் 1944-இல் நிறுவினார். இந்தியாவில் முதல் பதிவு 1964-இல், மகாராஷ்டிரத்தில்.

நோய் கண்ட செம்மறிக்குக் கடுமையான காய்ச்சல் வரும். மூக்கில் சளி ஒழுகும். உதடும் முகமும் வீங்கும். வாயில் புண் வந்து எச்சில் வடியும், மேவு எடுக்காது. குளம்புக்கு மேல் சிவந்து நொண்டும். நாக்கு வீங்கி நீலமாவதால் இந்தப் பெயர் வந்தது என்றாலும் எல்லா ஆட்டுக்கும் நாக்கு நீலமாவதில்லை. நீலத்தைத் தேடிக் காத்திருப்பவர் நோயைத் தாமதமாகத்தான் அறிவார். கோமாரி, ஆட்டுக்கொல்லி, ஆட்டம்மை ஆகிய நோய்களிலும் சில அறிகுறிகள் ஒத்திருப்பதால் ஆய்வகச் சோதனையே உறுதி சொல்லும்.

மூன்று உண்மைகளை நினைவில் வைக்க வேண்டும். இந்த நோய் மனிதருக்கு வராது. ஆட்டுக்கு ஆடு தொட்டதாலோ ஒரே தொட்டியில் நீர் குடித்ததாலோ பரவும் நோயும் அல்ல. சிற்றீ கடித்தே பரவுகிறது. மூன்றாவது உண்மைதான் நம் வட்டாரத்துக்கு முக்கியம்: மாடும் எருமையும் பெரும்பாலும் எந்த அறிகுறியும் இல்லாமல் இந்த வைரஸைப் பல வாரங்கள் இரத்தத்தில் வைத்திருக்கும். திடமாக நிற்கும் மாட்டைக் கடித்த சிற்றீயின் உடலில் வைரஸ் பெருக ஒன்றிரண்டு வாரங்கள் பிடிக்கும். பிறகு அதே சிற்றீ பக்கத்துப் பட்டியில் உள்ள செம்மறியைக் கடித்தால் நோய் தொடங்கிவிடும். கட்டுத்தரையும் ஆட்டுப்பட்டியும் அடுத்தடுத்து இருக்கும் நம் தோட்டங்களில் இந்தச் சங்கிலிக்கு ஒரு கண்ணியும் குறையவில்லை.

ஆடிக் காற்றும் ஐப்பசி மழையும்

ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் தென்மேற்குக் காற்று பல்லடம், உடுமலை, தாராபுரம் பக்கமெல்லாம் காற்றாலைகளைச் சுழற்றுகிறது. சிற்றீ பலவீனமாகப் பறக்கும் பூச்சி. பலமான காற்றில் அதனால் விலங்கைத் தேடிப் போக முடியாது; புல்லிலும் புதரிலும் ஒண்டிக்கொள்ளும். ஐப்பசியில் நிலைமை மாறுகிறது. காற்று அடங்குகிறது, வடகிழக்குப் பருவமழை மண்ணை நனைக்கிறது, கட்டுத்தரை சேறாகிறது, அந்தி நேரம் புழுக்கமாக இருக்கிறது. தமிழகத்தில் நீலநாக்கு நோய் வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய மாதங்களில் தலைதூக்குவதற்குக் காரணம் இதுதான்.

குளிர்நாடுகளில் பனிக்காலம் சிற்றீயை அடக்கிவிடும். சுமார் 12 டிகிரி செல்சியஸுக்குக் கீழே அதன் உடலில் வைரஸ் பெருகுவதில்லை. அந்த இடைவேளை நமக்குக் கிடையாது. மார்கழிக் குளிரும் காங்கயத்தில் அவ்வளவுக்கு இறங்காது. வைரஸ் ஆண்டு முழுவதும் மாட்டிலும் சிற்றீயிலும் மாறி மாறித் தங்க முடியும்.

ஓர் இனத்தை எப்படி 'விவரிக்கிறார்கள்'?

செய்தியில் 'புதிய இனம் கண்டுபிடிப்பு' என்று படிக்கும்போது யாரோ காட்டில் புதிதாக ஒன்றைப் பார்த்துவிட்டதாகத் தோன்றும். சிற்றீ விஷயத்தில் அந்தப் பூச்சி பலரையும் பலமுறை கடித்திருக்கும். கண்டுபிடிப்பு நடப்பது மேசையில்.

முதலில் பொறி. விளக்கு, அதன்கீழ் சிறு மின்விசிறி, அதற்கும் கீழே ஒரு குடுவை. வெளிச்சத்துக்கு வரும் பூச்சியை விசிறி கீழே இழுக்கும். மாட்டுக்கு அருகில் வைத்த பொறியில் ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் விழுவதும் உண்டு. அவற்றைச் சாராயத்தில் போட்டுப் பாதுகாத்து, சிற்றீக்களைத் தனியே பொறுக்கியெடுப்பார்கள். பிறகு ஒவ்வொன்றின் தலை, இறக்கை, கால், வயிறு ஆகியவற்றைப் பிரித்து, கண்ணாடித் தகட்டில் பால்சம் பிசினில் பதித்து, நுண்ணோக்கியின்கீழ் வைப்பார்கள்.

பார்ப்பது எதையெல்லாம்? இறக்கையில் வெளிர் புள்ளிகளும் கருமைத் திட்டுகளும் அமைந்திருக்கும் ஒழுங்கு. இரண்டு கண்களும் ஒட்டியிருக்கின்றனவா, விலகியிருக்கின்றனவா. உணர்கொம்பின் எந்தெந்தக் கணுவில் உணர்வுக் குழிகள் உள்ளன. வாயருகே உள்ள உணர்வுறுப்பின் மூன்றாம் கணு எப்படிப் பருத்திருக்கிறது. கீழ்த்தாடைத் தகட்டில் எத்தனை பல். பின்னங்காலின் சீப்பில் எத்தனை முள். பெண்ணின் வயிற்றில் விந்துப்பைகள் எத்தனை, என்ன வடிவம். ஆணின் இனப்பெருக்க உறுப்பு எப்படி வளைந்திருக்கிறது. பனியன் துணியைக் கண்ணாடி வைத்து லூப் லூப்பாக எண்ணி, எந்த மெஷின் எந்த கேஜில் ஓட்டியது என்று சொல்லும் கைதேர்ந்தவரின் கண் இந்த வேலைக்குத் தேவை. மேலோட்டமாகப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்.

இப்போது மரபணுச் சோதனையும் சேர்ந்துகொண்டது. சிஓ1 என்ற மரபணுவின் 658 எழுத்துகள் கொண்ட ஒரு துண்டைப் படித்து, உலகத் தரவுத்தளத்தில் உள்ள மற்ற இனங்களோடு ஒப்பிடுவார்கள். வடிவமும் மரபணுவும் இரண்டும் தனித்து நின்றால்தான் புதிய இனம் என்ற முடிவுக்குத் துணிவு வரும்.

அதன்பின் எழுத்து வேலை. பெயருக்குச் சான்றாக ஒரே ஒரு மாதிரியைத் தேர்ந்தெடுத்து அருங்காட்சியகத்தில் வைக்க வேண்டும். அது எந்த ஊரில், எந்த நாளில் பிடிபட்டது என்று எழுத வேண்டும். அளவுகளும் படங்களும் ஒத்த இனங்களிலிருந்து அது வேறுபடும் விதமும் அச்சேற வேண்டும். நாளை சந்தேகம் வந்தால் எவரும் அந்தத் தகட்டை எடுத்துப் பார்க்கலாம். விலங்குப் பெயரீட்டு விதிகள் கேட்பது இந்த நேர்மையைத்தான்.

முன்பே வைத்த பெயர்கள் பின்னால் உதவிய விதம்

நம் ஆடுமாடுகளைக் கடிக்கும் முக்கியமான இரண்டு சிற்றீக்களுக்கு 1910-இல் பெயர் வைத்தவர் ஜான் ஜாக் கீஃபர். பிரான்ஸ்-ஜெர்மனி எல்லையில் உள்ள பீச் என்ற சிற்றூரில் ஆசிரியராக இருந்த கத்தோலிக்கப் பாதிரியார். கல்கத்தாவின் இந்திய அருங்காட்சியகம் வெளியிட்ட தொகுதியில் குலிகாய்டீஸ் ஆக்சிஸ்டோமா, குலிகாய்டீஸ் பெரிகிரினஸ் ஆகிய இனங்களை அவர் விவரித்தார். இந்தியாவில் நீலநாக்கு நோய் பதிவாக அப்போது இன்னும் 54 ஆண்டுகள் இருந்தன.

1959-இல் பி. சென், எஸ்.கே. தாஸ் குப்தா இருவரும் இந்தியச் சிற்றீக்களைப் பற்றி எழுதிய ஆய்வில் குலிகாய்டீஸ் ஃபுல்வஸ் என்ற இனத்தை விவரித்தார்கள். பல ஆண்டுகள் கழித்து வட ஆஸ்திரேலியாவில் நீலநாக்கு வைரஸைப் பரப்பும் திறன் மிக்க இனங்களில் ஒன்றாக அதே ஃபுல்வஸ் அடையாளம் காணப்பட்டது. 1929-இல் ஸ்மித் இந்தியாவிலிருந்து விவரித்த குலிகாய்டீஸ் ஆக்டோனியும் அந்தப் பட்டியலில் உண்டு. கல்கத்தாவில் தகட்டில் பதித்த பூச்சி ஆஸ்திரேலிய ஆட்டுப் பண்ணையின் எச்சரிக்கைப் பலகையானது.

தென் அமெரிக்காவிலும் இப்படி ஒரு நிகழ்வு உண்டு. பிரேசிலின் பாரா பகுதியில் குலிகாய்டீஸ் பராயென்சிஸ் என்ற சிற்றீயை 1905-இல் கோல்டி விவரித்தார். இந்தச் சிற்றீ பரப்பும், மனிதருக்குக் காய்ச்சல் தரும் ஓரோபூச் வைரஸ் டிரினிடாடில் கண்டறியப்பட்டது 1955-இல். 2024-இல் அந்தக் காய்ச்சல் பிரேசிலில் பெரிதாகப் பரவி, அந்நோயால் முதல் உயிரிழப்புகள் பதிவானபோது, எந்தப் பூச்சியைத் தேட வேண்டும் என்பதில் குழப்பமில்லை.

பெயர்க் குழப்பத்தால் நேரும் நட்டமும் உண்டு. நம் ஆக்சிஸ்டோமாவை நெடுங்காலம் ஆப்பிரிக்காவின் ஷுல்ட்சி என்ற இனத்தோடு ஒன்றாகவே எண்ணி எழுதினார்கள். இரண்டையும் பிரித்தறிந்தபின், ஓரினத்தைப் பற்றிப் பழைய கட்டுரைகள் சொன்னவை எந்த இனத்துக்கு உரியவை என்று மீண்டும் சரிபார்க்க வேண்டியதாயிற்று. ஆக்சிஸ்டோமா ஜப்பானில் மாடுகளுக்குக் கருச்சிதைவை உண்டாக்கும் அகபேன் வைரஸோடு தொடர்புடையது. இரண்டையும் தொடர்ந்து ஒன்றென்றே நினைத்திருந்தால் ஓரிடத்தின் அனுபவம் இன்னோரிடத்தில் தவறான வழி காட்டியிருக்கும்.

2006-இல் ஐரோப்பா கற்ற பாடம் இன்னும் கடுமையானது. வெப்பநாட்டுச் சிற்றீயான இமிகோலா இல்லாத இடத்தில் நீலநாக்கு வராது என்று அங்கே நம்பியிருந்தார்கள். அந்த ஆண்டு நெதர்லாந்து, பெல்ஜியம், ஜெர்மனி நாடுகளில் நோய் வெடித்தது. உள்ளூர்ச் சிற்றீக்களே வைரஸை ஏற்றுக்கொண்டு பரப்பின. எவரும் பொருட்படுத்தாத இனம் ஒரே பருவத்தில் முதன்மை எதிரியாக மாறலாம் என்பது அப்போது தெரிந்தது. அதனால்தான் 'இது நோய் பரப்பாத இனம்' என்று எதையும் பட்டியலிலிருந்து தள்ளிவிடக் கூடாது.

தமிழகம் ஏற்கெனவே கேட்ட கேள்வி

1997-98-இல் தென்னிந்தியாவில் நீலநாக்கு பெருமளவில் பரவிச் செம்மறிகளை வாரிக்கொண்டு போனது. பிறகு தமிழகத்தில் மீண்டும் பரவியபோது, 2006-இல் 'கரன்ட் சயின்ஸ்' இதழில் கே. இளங்கோ எழுதிய குறிப்பு, இந்தியச் சிற்றீக்களை ஆய்வு செய்ய வேண்டிய தேவையைத் தலைப்பிலேயே சொன்னது. இமிகோலா, பெரிகிரினஸ், ஆக்சிஸ்டோமா ஆகியவை தமிழகத்தில் பதிவாகியுள்ளன. இந்த மூன்றும் ஒரே இடத்தில் வளர்வதில்லை. சாணம் கலந்த, நீர் தேங்காத ஈரமண்ணை இமிகோலா நாடும்; நீர் மூடினால் அதன் கூட்டுப்புழு மூழ்கிச் சாகும். பெரிகிரினஸுக்கு நெல்வயலும் சாணச் சேறும் ஏற்ற இடம். ஆக்சிஸ்டோமா குட்டைக் கரையின் சேற்றில் பெருகும். எந்தச் சேற்றைக் காய வைக்க வேண்டும் என்ற முடிவு, எந்த இனம் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. இனப்பெயர் தெரியாத தடுப்பு வேலை இருட்டில் மருந்தடிப்பதாகத்தான் முடியும்.

திருப்பூர் மாவட்டத்தில் இந்த மூன்று வகை இடங்களும் சில கிலோமீட்டர் தூரத்துக்குள் கிடைக்கின்றன. காங்கயம், வெள்ளகோவில் பக்கத்தில் கொறங்காடு எனும் மேய்ச்சல் நிலங்களில் கிளுவை வேலிக்குள் கொழுக்கட்டைப் புல் மேயும் செம்மறிகள். அமராவதிப் பாசனத்தில் நெல். நொய்யலோரம் சாக்கடை கலந்த சேறு. 2011-இல் உயர் நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபின் சாயக் கழிவைச் சுத்திகரிக்கும் முறை கடுமையாக்கப்பட்டது. ஆனால் ஊர்ச் சாக்கடை ஆற்றில் சேர்வது நிற்கவில்லை. 2024-இல் ராம்சர் தலமாக அறிவிக்கப்பட்ட நஞ்சராயன் குளத்தில் பறவைகளைப் போலவே பூச்சிகளையும் கணக்கெடுக்க வேண்டும்.

பட்டியில் செய்யக்கூடியவை

இந்திய வேளாண் ஆராய்ச்சிக் கழகத்தின் நீலநாக்கு ஆய்வுத் திட்டத்தின்கீழ் ஐந்து வகை வைரஸ்களுக்கு எதிரான ஒரே தடுப்பூசி உருவாக்கப்பட்டது. 1, 2, 10, 16, 23 ஆகிய வகைகள் அதில் அடங்கும். தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகமும் அந்தத் திட்டத்தில் பங்கெடுத்தது. மழை தொடங்கிய பின் ஊசி தேடுவதில் பயன் குறைவு. புரட்டாசி முடிவதற்குள் கால்நடை மருந்தகத்தில் கேட்டுப் போட்டுவிடுவது நல்லது.

மழைக்காலத்தில் செம்மறியை அந்திக்கு முன்பே அடைத்துவிட வேண்டும். பட்டியைக் கட்டுத்தரையிலிருந்தும் குப்பைக்குழியிலிருந்தும் முடிந்த அளவு தள்ளி மேட்டில் போட வேண்டும். குடாப்பையும் பட்டியையும் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் பழைய வழக்கம், சாணமும் மூத்திரமும் ஒரே இடத்தில் ஊறிச் சேறாவதைத் தடுக்கிறது. தண்ணீர்த் தொட்டியின் கசிவை அடைப்பதும் சாணத்தை அள்ளிக் காயவைப்பதும் செலவில்லாத தடுப்புகள். சாளையில் மின்விசிறி இருந்தால் அந்தி நேரத்தில் ஓடட்டும். காற்றை எதிர்த்துச் சிற்றீயால் பறக்க முடியாது. வேப்பந்தழை மூட்டம் மட்டும் போதும் என்று இருந்துவிடக் கூடாது.

கொசுவலை இங்கே ஏமாற்றும். சாதாரண வலையின் கண் வழியாகச் சிற்றீ உள்ளே புகுந்துவிடும். கண்ணைச் சுருக்கினால் காற்றோட்டம் குறைந்து ஆடு புழுங்கும். கொசுவலைக்குப் பேர்போன கரூரும் மெஷ் துணி நெய்யத் தெரிந்த திருப்பூரும் அடுத்தடுத்து இருக்கும்போது, காற்றை விட்டுச் சிற்றீயை நிறுத்தும் பட்டிவலையை உருவாக்க இதைவிடத் தகுந்த வட்டாரம் எது?

நோய் வந்த ஆட்டை நிழலில் தனியே கட்டி, வெயிலிலும் தூரத்துக்கும் ஓட்டாமல், கம்பங்கூழோ ராகிக் கஞ்சியோ ஊட்ட வேண்டும். வாய்ப்புண்ணுக்குப் போரோகிளிசரின் தடவலாம். 1962 என்ற எண்ணுக்கு அழைத்தால் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தி வரும். காய்ச்சலில் இருக்கும் ஆட்டைச் சந்தைக்கு ஓட்டினால், வழியிலும் சந்தையிலும் கடிக்கும் சிற்றீக்கள் அந்த வைரஸை அடுத்த ஊருக்குக் கொண்டுபோகும்.

எல்லாச் சிற்றீயும் பகையல்ல

உடுமலை, ஆனைமலைப் பக்கத் தென்னந்தோப்புகளில் ஊடுபயிராக நிற்கும் கோகோ மரத்தில் காய் பிடிக்கக் காரணம் இந்தக் குடும்பத்தின் இன்னொரு பேரினமான ஃபோர்சிபோமையா. கோகோப் பூ மிகச் சிறியது. அதற்குள் நுழைந்து மகரந்தம் சேர்க்க இந்த அளவுள்ள பூச்சி வேண்டும். தோப்பில் மட்கும் இலைக் குவியலில்தான் அது வளர்கிறது. குலிகாய்டீஸ் அனோஃபெலிஸ் என்ற இனமோ இரத்தம் குடித்து வயிறு பருத்த கொசுவின்மேல் அமர்ந்து, அந்தக் கொசுவிடமிருந்தே இரத்தத்தை உறிஞ்சும். கண்டதையெல்லாம் மருந்தடித்து ஒழிப்பவர் கோகோ விளைச்சலையும் சேர்த்து ஒழிப்பார். இனம் பிரித்தறியும் அறிவுதான் பகையையும் துணையையும் பிரித்துக் காட்டும்.

அடுத்து நடக்க வேண்டியது

மேற்கு வங்கத்தில் பர்த்வான் பல்கலைக்கழகத்தின் ஆய்வுக் குழு சிற்றீக்களை ஆய்வகத்திலேயே வளர்த்து, அவற்றின் முட்டை முதல் கூட்டுப்புழு வரையான நிலைகளைப் பதிவு செய்துவருகிறது. திருப்பூர் மாவட்டத்துக்கு உடுமலைப்பேட்டையில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. விலங்கியல் படிக்கும் மாணவர்கள் உள்ளூர்க் கலைக் கல்லூரிகளில் இருக்கிறார்கள். ஒரு பொறிக்கு வேண்டியது விளக்கு, விசிறி, குடுவை, மின்சாரம். புரட்டாசி முதல் தை வரை கொறங்காட்டில் ஒன்று, அமராவதி வயலோரம் ஒன்று, நஞ்சராயன் குளக்கரையில் ஒன்று என்று வாரம் ஓர் இரவு பொறி வைத்து, கிடைத்தவற்றை இனம்வாரியாக எண்ணி, கால்நடைத் துறையோடு பகிர்ந்துகொண்டால், எந்த மாதத்தில் எந்தப் பட்டிக்கு எச்சரிக்கை போக வேண்டும் என்பது இரண்டு மூன்று பருவங்களில் தெளிவாகும். அந்தக் குடுவையில் அறிவியலுக்குப் புதிய இனம் ஒன்று கிடைத்தால் அது பெருமை. கிடைக்காவிட்டாலும், இருக்கும் இனங்களின் பட்டியலே ஆடு வளர்ப்பவர் கையில் சேர வேண்டிய சொத்து. அதை எழுதித் தரும் மாணவருக்கு நுண்ணோக்கியும் வழிகாட்ட ஓர் ஆசிரியரும் உதவித்தொகையும் தரும் பொறுப்பு, இந்த ஆடுகளின் வரவில் வாழும் வட்டாரம் முழுவதற்கும் உண்டு.